இல்லாத பிரேக்கை மிதிப்பவர்கள்



விமானப் பயண அனுபவங்களை எழுதி அனுப்புங்கள் என்று சில இதழ்களுக்கு முன் கேட்டிருந்தோம். மேகக்கூட்டம், ஜன்னலோரம், மேலிருந்து பார்த்த சொந்த ஊர் என்றெல்லாம் வரும் என்று எதிர்பார்த்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் பயத்தைப் பற்றிய கடிதங்கள். கந்த சஷ்டிக் கவசத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியே கோலாலம்பூர் போய்ச் சேர்ந்ததாக ஒருவர். மகன் டிக்கெட் போட்டுக் கொடுத்தும், டெல்லிக்கு இரண்டு ராத்திரி ரயிலிலேயே போய்வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். ‘அச்சில் போட்டால் என் பெயரைப் போடாதீர்கள், மருமகன் சிரிப்பார்’ என்ற பின்குறிப்போடு வந்த கடிதமும் உண்டு. பெயரைப் போடப்போவதில்லை. ஆனால் இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

2024 ஆயுத பூஜை அன்று மாலை டிவி பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். திருச்சியிலிருந்து சார்ஜாவுக்கு 141 பயணிகளோடு கிளம்பிய விமானத்தில், மேலேறிய சற்று நேரத்திலேயே ஹைட்ராலிக் கோளாறு. உடனே இறங்கிவிட முடியாது. சார்ஜா வரைக்குமான எரிபொருள் டாங்கில் இருக்கிறது. அத்தனை எடையோடு தரையிறங்குவது நல்லதல்ல. போயிங் 737 ரகத்தில் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிடும் வசதியும் கிடையாது. பறந்து பறந்துதான் தீர்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்தின் மேலேயே அது சுற்றிக்கொண்டிருந்தது. கீழே ஆம்புலன்சுகளும் தீயணைப்பு வண்டிகளும் வரிசைகட்டி நின்றன. பூஜையில் வைத்த பொரியும் சுண்டலும் கையில் இருக்க, கண்ணெல்லாம் டிவியில். செல்போனில், விமானங்கள் போகும் தடத்தைக் காட்டும் செயலியில், அந்தக் குட்டி மஞ்சள் விமானம் ஒரே இடத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்களும் உண்டு. எட்டேகால் மணி வாக்கில் சக்கரங்கள் சரியாக விரிந்து, மற்ற நாட்களைப் போலவே தரையிறங்கியது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

அதே திருச்சி, 2018 அக்டோபர் 12 அதிகாலை. 136 பேரோடு துபாய்க்குக் கிளம்பிய விமானம், ஓடுபாதைக்கு அப்பால் இருந்த சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு மேலேறியது. சுவர் உடைந்தது. விமானத்தின் அடிவயிறு கிழிந்தது. கருவிகள் எல்லாம் சரியாகவே காட்டியதால் விமானிகள் பறந்துகொண்டே இருந்தார்கள். பிறகு மும்பைக்குத் திருப்பப்பட்டு அங்கே பத்திரமாக இறங்கினார்கள். அந்தக் கிழிசலின் படங்களை மறுநாள் பேப்பரில் பார்த்தபோதுதான் நமக்கு வயிற்றைக் கலக்கியது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ்நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த மாலையில் விமானிகள் பார்த்தது, பயிற்சியில் கற்றுக்கொண்ட நிதானமான வேலை. நிஜமாகவே மயிரிழையில் தப்பிய அந்த அதிகாலையில் ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. பயம் எப்போதுமே ஆபத்தின் அளவைப் பார்த்து வருவதில்லை. கண்ணுக்கும் காதுக்கும் என்ன எட்டுகிறதோ, அதைப் பார்த்துத்தான் வருகிறது.

அதனால்தான் புள்ளிவிவரம் சொல்லி யாருடைய பயத்தையும் போக்க முடிவதில்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. ஆனாலும் ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்க் மேல் வைத்துக்கொண்டு பைபாஸில் பறப்பவர், விமானத்தில் ஏறியதும் கழுத்துத் தாயத்தைத் தொட்டுக்கொள்கிறார். பைக்கில் ஹேண்டில்பார் அவர் கையில். இங்கே கையில் இருப்பது தண்ணீர் பாட்டில். மகன் கார் ஓட்டும்போது முன் சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டே வரும் அப்பாக்களைப் பார்த்திருப்பீர்கள். விமானத்தில் நாம் எல்லோருமே அந்த அப்பாதான். என்ன, ரோடுகூடக் கண்ணுக்குத் தெரியாது.

அகமதாபாத் விமான விபத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. 2025 ஜூன் 12 அன்று விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 உயிர்கள். அதற்குப் பிறகு பயப்படுகிறவரைப் பார்த்து ‘லட்சத்தில் ஒன்று, கோடியில் ஒன்று’ என்று கணக்குச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பிழைத்தவர் உட்கார்ந்திருந்த 11ஏ இருக்கையைச் சிலர் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். விமானத்துக்கு விமானம் 11ஏ இருக்கும் இடமே மாறும், அதில் ஒரு ரட்சையும் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியாமலில்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

பிடித்துக்கொள்ள அதைவிட உருப்படியானவை சில உண்டு. உள்நாட்டுப் பயணத்தில் நாம் அதிகம் ஏறுவது ஏர்பஸ் 320 வகை விமானங்களில். கிளம்புவதற்கு முன், காலுக்கடியில் நாய் விட்டுவிட்டுக் குரைப்பதைப் போல ஒரு சத்தம் கேட்கும். எதுவும் கழன்றுவிடவில்லை. ஒரு எஞ்சின் மட்டும் ஓடும்போது, இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளின் அழுத்தத்தைச் சமன் செய்யும் கருவி வேலை செய்கிறது. சென்னைப் புழுக்கத்தில் ஏசி போட்டவுடன் கூரையோரத்திலிருந்து வெள்ளை வெள்ளையாகப் ‘புகை’ இறங்கும். நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்து மூட்டமாகிறது. மேலெழும்பியதும் கேட்கும் ‘டம்’, சக்கரங்கள் உள்ளே மடங்கிக் கதவு சாத்திக்கொள்வது. அடுத்ததுதான் பலருக்கும் உயிர் போகிற கட்டம். கிளம்பி ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள் எஞ்சின் இரைச்சல் சட்டென்று தணியும், வயிறு கீழே இறங்கும். முழு வேகத்தில் கிளப்பிய எஞ்சினை, மேலேறப் போதுமான அளவுக்குக் குறைத்திருக்கிறார்கள். விமானம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்புதான் வேகம் குறைந்ததை ‘விழுகிறோம்’ என்று தப்பாகச் சொல்கிறது.

குலுக்கல்? இறக்கை மேலும் கீழும் வளைவதைப் பார்த்தால் ஒடிந்துவிடும் போலத்தான் இருக்கும். வளைய வேண்டும் என்றே செய்த இறக்கை அது. பறக்கும்போது வரக்கூடிய மிகப் பெரிய சுமை என்று கணக்கிட்டதைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும் என்பது விதி. 1995இல் போயிங் 777இன் இறக்கையை ஒடியும்வரை வளைத்துச் சோதித்தார்கள்; 154 சதவீதத்தில்தான் ஒடிந்தது. குலுக்கலில் அடிபடுவது பெரும்பாலும் விமானம் அல்ல, பெல்ட் போடாத ஆள். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த விமானம் மியான்மர் வான்வெளியில் சில வினாடிகள் தூக்கிப் போட்டதில் ஒருவர் உயிரிழந்தார், பலர் கூரையில் மோதிக் காயமடைந்தார்கள். பெல்ட் விளக்கு அணைந்ததும் கழற்றி வீசும் நம் வழக்கத்தை விடலாம். தளர்வாகவாவது மாட்டியிருங்கள்.

ஆனால் பயத்தை அடக்கியதில் எங்களுக்குப் பிடித்த கதை வேறொன்று. லண்டனிலிருந்து பம்பாய், மெட்ராஸ், கோலாலம்பூர், பெர்த் வழியாக ஆக்லாந்து போகவிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9 விமானம், 1982 ஜூன் 24 அன்று மீனம்பாக்கத்தைத் தாண்டிப் போனது. கோலாலம்பூரில் விமானிகள் மாறினார்கள். கேப்டன் எரிக் மூடி. ராத்திரி நேரம், ஜாவா பக்கம், 37,000 அடி உயரம். திடீரென்று முன்கண்ணாடியில் நீலப் பொறிகள் ஓடின. உள்ளே கந்தக நெடியோடு புகை. ரேடாரில் ஒன்றுமே தெரியவில்லை, ஏனென்றால் அது காட்டுவது ஈரத்தை. இவர்கள் நுழைந்திருந்ததோ கலுங்குங் எரிமலை கக்கிய காய்ந்த சாம்பல். நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 263 பேரோடு அந்த ஜம்போ விமானம் சத்தமில்லாமல் சறுக்கிக்கொண்டு இறங்கியது.

அப்போது மூடி மைக்கை எடுத்தார். அவர் சொன்னதன் சாரம் இது: சின்னச் சிக்கல் ஒன்று, நான்கு எஞ்சினும் நின்றுவிட்டன, திரும்ப ஓடவைக்க எங்களால் ஆனதையெல்லாம் செய்கிறோம், உங்களுக்கு ரொம்பச் சிரமம் இருக்காது என்று நம்புகிறேன்.

‘சின்னச் சிக்கல்’! ஆங்கிலேயர்களின் இந்த அடக்கி வாசிப்பைப் பல இடங்களில் கேலி செய்திருக்கிறோம். இந்த ஒரு இடத்தில் கைகூப்பத் தோன்றுகிறது. அவர் பொய் சொல்லவில்லை, எதையும் மறைக்கவில்லை. என்ன ஆயிற்று, நாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். சாம்பல் மேகத்துக்குக் கீழே வந்ததும் எஞ்சின்கள் மறுபடி உயிர்பெற்றன. சாம்பல் உரசி மங்கிப்போன கண்ணாடியின் ஓரத்து இடுக்கு வழியாகப் பார்த்தே ஜகார்த்தாவில் இறக்கினார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள். அதில் வந்த ஒரு பெண், சக பயணிகளைத் தேடித்தேடிப் பேசி ஒரு புத்தகம் எழுதினார். பிறகு தன் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவரையே கல்யாணமும் செய்துகொண்டார்.

சொல்லிவிடுவதில் பாதி பயம் போய்விடுகிறது. அதுவும் நம் மொழியில் சொன்னால் இன்னும் நல்லது. சில ஆண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து மதுரை போன விமானத்தில், கீழே காவிரியும் கொள்ளிடமும் நடுவே ஸ்ரீரங்கமும் தெரிவதை விமானி ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டு வந்த காணொளியை எத்தனை பேர் எத்தனை பேருக்கு அனுப்பினோம்! மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போகும் அம்மாக்கள் பலர் வீல்சேர் கேட்டுப் பதிவு செய்வதை விமான நிலையங்களில் பார்க்கலாம். நன்றாக நடக்கிறவர்கள்தான். துபாயிலோ தோஹாவிலோ அடுத்த விமானத்துக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்கும் ஆங்கிலம் இல்லை. வீல்சேரில் உட்கார்ந்தால் தள்ளுகிறவர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். காலுக்காக எடுத்த வண்டி அல்ல, வாய்க்காக எடுத்தது. வசதியான ஏற்பாடுதான், ஆனால் பார்க்கும்போதெல்லாம் மனசு என்னவோ செய்கிறது.

முதல்முறை ஏறப்போகிறவர்களுக்கு: இறக்கைக்கு நேராக உள்ள இருக்கையில் ஆட்டம் குறைவு. வெயில் ஏறுவதற்கு முந்தைய காலை விமானங்கள் பெரும்பாலும் அமைதியாகப் போகும். இறங்கும்போது காது அடைத்தால் மிட்டாய் மெல்லுங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். கடும் ஜலதோஷத்தோடு பறக்காதீர்கள். ஏறும்போதே பணிப்பெண்ணிடம் ‘பயமாக இருக்கிறது’ என்று சொல்லிவிடுங்கள், இரண்டு தடவை கூடுதலாக வந்து பார்ப்பார். பக்கத்து இருக்கைக்காரர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தால், எந்த ஊர் என்று கேளுங்கள்.

உங்கள் கடிதங்களிலிருந்து தேர்ந்தெடுத்தவை அடுத்த இதழிலிருந்து வெளிவரும். இன்னும் எழுதாதவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பலாம். பாதுகாப்புச் சோதனையில் மாவடு ஊறுகாயைப் பறிகொடுத்த கதை மட்டும் வேண்டாம். அது ஏற்கனவே ஒரு தனி இதழுக்குத் தேறும் அளவுக்கு வந்துவிட்டது.

அன்புடன்,
ஆசிரியர்