டர்போவுக்கு முன்னால் எத்தனை டிகிரி?



போன வாரம் என் தங்கை மகனின் டீசல் கார் திருமயம் தாண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்சீட்டில் நானும் வீட்டம்மாவும். எஞ்சினைப் பிரித்தால் ஒரு பிஸ்டன் தலையில் ஓட்டை. இரண்டு மாதம் முன்புதான் 'ரீமேப்' செய்து பவர் ஏற்றியிருந்தான். "புகைவாயுவின் சூட்டை அளந்தார்களா?" என்றேன். "அதெல்லாம் எதுக்கு மாமா, டெம்பரேச்சர் முள் நடுவுலதான நின்னுச்சு" என்றான்.

இந்தப் பேச்சைத்தான் கண்டிக்கிறேன். அந்த முள் காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. தெர்மோஸ்டாட் அதை ஏறக்குறைய ஒரே நிலையில் வைத்திருக்கும். மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் புகைவாயுவின் சூடு சில நொடிகளில் எகிறும். முள் அசையாது.

டீசல் எஞ்சினில் காற்றுக்கு மிஞ்சி எரிபொருளைக் கொடுத்தால் கரும்புகையும் சூடும் சேர்ந்தே ஏறும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். பிஸ்டனோ அலுமினியக் கலவை. ஆயிலும் கூலன்ட்டும் வெப்பத்தைக் கடத்திக்கொண்டே இருப்பதால்தான் அது பிழைக்கிறது. கடத்துவதைவிட அதிகம் கொடுத்தால் என்ன ஆகும்?

"கம்பெனி மார்ஜின் விட்டிருக்கு" என்பார்கள். விட்டிருக்கிறதுதான், எதற்காக? நம் சித்திரை வெயிலுக்கு, ஏசி போட்டு ஏழு பேரோடு ஏறும் கொடைக்கானல் மலைக்கு. அந்தச் சேமிப்பை இங்கேயே செலவழித்துவிட்டு மலைக்கு எதை வைத்துப் போவது?

வழி இருக்கிறது. டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டில் ஒரு தெர்மோகப்பிள் பொருத்தி, லோடு கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் நூறு டிகிரிக்கு மேலும் குறைத்துக் காட்டி ஏமாற்றும். சூடு வரம்பு மீறினால் எரிபொருளைக் குறைக்க வேண்டும். பெட்ரோலில் கணக்கு வேறு: கலவையில் எரிபொருள் குறைந்தாலும், தீப்பொறி தாமதித்தாலும் சூடு ஏறும். ஆனால் அளக்காமல் விட அங்கும் நியாயம் இல்லை.

என் தவறும் உண்டு. அதற்கு முந்தைய வாரமே அவன் லாரியை முந்தும்போது கரும்புகையைப் பார்த்தேன். பிள்ளை சந்தோஷமாக ஓட்டுகிறான் என்று வாயை மூடிக்கொண்டேன். அறிவியல் வாத்தியார் மூடக்கூடாத வாய் அது.

நம் ஆச்சிமார் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பதம் பார்க்காமல் அதிரசத்துக்கு மாவு போட்டதுண்டா? ஒரு கார் எஞ்சினுக்கு அந்தப் பொறுமை வேண்டாமா?

யாராவது பவர் ஏற்றித் தருகிறேன் என்றால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "டர்போவுக்கு முன்னால் எத்தனை டிகிரி?" பதில் வராவிட்டால் சாவியைக் கொடுக்காதீர்கள்.