கோடை லீவும் மீன்பிடித் தடைக்காலமும்

வாரக்கடைசின்னா பாண்டின்னு ஆகிப்போச்சு. சென்னை, பெங்களூர் நண்பர்கள் பல பேர் என்கிட்ட கேக்குற கேள்வி இது: "அங்க ஏதோ தீவு இருக்காமே, படகுல போய் மீன் பிடிக்கலாமா?" நான் சொல்ற பதில், "கடலூர் பஸ் ஏறுங்க, தீவு வழியாத்தான் போகும்."

கிண்டல் இல்லீங்க. செஞ்சி மலைப்பக்கத்துலேர்ந்து வர்ற சங்கராபரணி, கடல்ல கலக்குறதுக்கு முன்னாடி அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறுன்னு ரெண்டாப் பிரியுது. ரெண்டு ஆத்துக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற நிலம்தான் அரியாங்குப்பமும் வீராம்பட்டினமும். 1945-ல மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமானியச் சாடித் துண்டுகளை எடுத்த அரிக்கமேடும் இங்கதான். ரெண்டாயிரம் வருஷமா படகு வந்து போற இடம்!

ஆனா சுற்றுலா வர்றவங்க தீவுன்னு நினைச்சுப் போறது வேற இடத்துக்கு. நோணாங்குப்பம் படகுத்துறையில டிக்கெட் எடுத்து, சுண்ணாம்பாத்து வழியா பாரடைஸ் பீச். அது ஆறும் கடலும் சேர்ந்து குவிச்ச மணல்திட்டு. அழகான இடம்தான், குறை சொல்ல வரலை. என் பிரச்சினை வேற.

ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் நம்ம கிழக்குக் கடற்கரையில மீன்பிடித் தடைக்காலம். முன்னாடி 45 நாளா இருந்தது, இப்ப 61 நாள். மீன் இனப்பெருக்கம் பண்ற நேரம், அதனால விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. கட்டுமரம், நாட்டுப்படகுக்கு விலக்கு உண்டு. தடை நியாயமானதுதான். ஆனா காலண்டரைக் கொஞ்சம் பாருங்க. அதே ரெண்டு மாசம்தான் பள்ளிக்கூட லீவு. படகுல ஏற ஊரெல்லாம் ஆள் காத்திருக்கு. படகு ஓட்டத் தெரிஞ்சவங்களோ தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துல படகைக் கட்டிப்போட்டுட்டு வலையைச் சரிபார்த்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. அரசாங்கம் நிவாரணம் கொடுக்குது, சரி. அது சம்பாத்தியத்துக்கு ஈடாகுமா?

இந்த ரெண்டையும் ஏன் முடிச்சுப் போடக்கூடாது? தடைக்காலத்துல கடலுக்குப் போகாம, ஆத்துலயும் கழிமுகத்துலயும் மட்டும் மீனவர்களே விருந்தாளிகளைக் கூட்டிப்போகட்டும். பெரிய விசைப்படகு இதுக்கு ஆகாது. ஆனா அதுல வேலை பாக்குறவங்களுக்கு ஃபைபர் படகெல்லாம் தண்ணி பட்ட பாடு. மடவை எங்க மேயும், கொடுவா எங்க பதுங்கும், முகத்துவாரத்துல நீரோட்டம் எப்ப திரும்பும்னு அவங்களுக்குத் தெரிஞ்சது எந்த ரிசார்ட் ஆளுக்குத் தெரியும்? இத்தாலியில இது பழைய கதை. மீனவர் தன் படகுலயே பயணிகளை ஏத்திப் போறதுக்கு 'பெஸ்காதூரிஸ்மோ'ன்னு பேரு. 1999-லயே அதுக்குத் தனி விதிமுறை போட்டாச்சு.

"ஐயா, படகு கவுந்தா?"ன்னு கேப்பீங்க. கேக்கவேண்டிய கேள்விதான். 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பழவேற்காட்டுல உல்லாசமா படகுல போனவங்கள்ல 22 பேர் திரும்பி வரலை. உயிர்காப்புச் சட்டை கிடையாது. 2023 மே 7, கேரளா தானூர். மீன்பிடிப் படகை மாத்திக் கட்டின சுற்றுலாப் படகு, அளவுக்கு மேல ஆள், இருட்டின நேரம். அங்கயும் 22 உயிர்.

இதைப் படிச்சுட்டு "அப்ப மீனவர் படகே வேணாம்"னு முடிவு கட்டுறது சுலபம். எனக்குத் தோணுறது நேரெதிர். ஆசை இருக்கிற வரைக்கும், நூறு ரெண்டு நூறுக்குப் பேரம் பேசி யார் படகுலயாவது ஏறுற கூட்டம் இருக்கத்தான் செய்யும். அதைத் திருட்டுத்தனமா நடக்க விடுறதுதான் ஆபத்து. உரிமம் கொடுங்க. இந்தப் படகுல இத்தனை பேருன்னு பெயின்ட்ல எழுதிவைங்க. சட்டை போடாதவன் ஏறக்கூடாது. பொழுது சாய்ஞ்சா படகு நகரக்கூடாது. முகத்துவாரத்தைத் தாண்டவே கூடாது. மீறினா உரிமம் காலி.

இன்னொரு கேள்வியும் வரும். கடலை ஆண்டவங்களை டூரிஸ்ட் கைடு ஆக்குறியான்னு. விருப்பம் இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் சொல்றேன், அதுவும் ரெண்டே மாசம். ஆனா ஒரு நிபந்தனை: இது மீனவர் கூட்டுறவு சங்கத்தோட கையில இருக்கணும். டெண்டர் விட்டு வெளியூர் முதலாளி எடுத்து, மீனவரை அதுல தினக்கூலிக்கு வெச்சா, அதுக்கு இப்ப இருக்கிற நிலைமையே தேவலை.

சுற்றுலாப் பணம் பாண்டிக்கு வந்துக்கிட்டுதான் இருக்கு. ஒயிட் டவுன் ஹோட்டல் வரைக்கும் வர்ற காசு, நாலஞ்சு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற வீராம்பட்டினத்துக்கு எவ்வளவு போய்ச் சேருதுங்கிறதுதான் என் கேள்வி.

மீனவ கிராமத்துலேர்ந்து எழுதுற பதிவர்கள் யாராவது இதைப் படிச்சா பின்னூட்டத்துல வாங்க. இது நடக்குமா, நடக்காதா, நடந்தா உங்களுக்கு வேணுமா? எங்களை மாதிரி கரையில நிக்கிறவங்க சொல்றதைவிட உங்க பதில்தான் முக்கியம். மத்தவங்க கும்மி அடிக்கிறதுன்னா அதுக்கப்புறம் அடிங்க :-)