அடைக்கோழி மீதான குற்றப்பத்திரிகை

பெண்ணாடத்தில் நடந்த கோழி வளர்ப்புப் பயிற்சி ஒன்றுக்கு நாங்கள் சிலர் போயிருந்தோம். நடத்தியவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. அதே கூட்டத்தை வேறு பெயரில் வேறு ஊர்களிலும் காணலாம். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட தாளில் வெள்ளைக்கழிச்சல், அம்மை, குடற்புழு என்ற வரிசையின் கீழேயே ‘அடைக்கு உட்காருதல்’ என்பதும் இடம்பெற்றிருந்தது. தீர்வும் அச்சிட்டிருந்தார்கள்: தண்ணீரில் முக்க வேண்டும், வெளிச்சமான கம்பிக்கூண்டில் அடைக்க வேண்டும், அப்படியும் தெளியாவிட்டால் விற்றுவிட வேண்டும். கோழி தாயாவது நோய்ப்பட்டியலில் எப்படி ஏறியது என்ற கேள்வியோடு வெளியே வந்தோம். அதற்கு எங்களுக்குக் கிடைத்த பதிலையே இங்கே எழுதுகிறோம்.

அடை என்பது என்ன? நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் அதன் உடலில் புரோலாக்டின் என்னும் சுரப்பு கூடுகிறது. முட்டையிடுதல் நின்றுபோகிறது. மார்பின் இறகு உதிர்ந்து, வெறும் தோலின் சூடு நேராக முட்டையில் படுகிறது. நாளுக்கு ஒருமுறை இறங்கி, அவசரமாக இரை தின்று, எச்சமிட்டு, புழுதியில் புரண்டுவிட்டுத் திரும்ப ஏறிக்கொள்கிறது. முட்டைகளை அலகால் புரட்டிக்கொண்டே இருக்கிறது. ஓட்டை உடைப்பதற்கு முன்பே குஞ்சு உள்ளிருந்து குரல் கொடுக்கும். தாய் வெளியிலிருந்து மறுகுரல் கொடுக்கும். 21ஆம் நாள் கூடையில் உயிர்கள் நெளியும். மின்சாரமும் வெப்பமானியும் இல்லாமல் நடக்கிற காரியம் இது. வாத்து முட்டையை வைத்தாலும் 28 நாள் பொறுமையாக உட்கார்ந்து பொரித்துக் கொடுக்கிற கோழிகளை வெள்ளாற்றங்கரை ஊர்களில் பார்த்திருக்கிறோம்.

குற்றச்சாட்டு என்னவென்றால், இந்த நாட்களில் கோழி முட்டையிடுவதில்லை. உண்மைதான். நாமக்கல் கூண்டுகளில் இருக்கும் லெகார்ன் வழிக்கோழி ஆண்டுக்கு 300 முட்டைகளுக்கு மேல் இடுகிறது; நாட்டுக்கோழி இடுவதோ ஐம்பது, அறுபது. அந்த 300 முட்டைக்காகத்தான் அடைக்கு உட்காரும் கோழிகளைத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி, உட்காராதவற்றையே பெருக்கினார்கள். கூண்டுத் தொழிலுக்கு அது சரியான முடிவாகவே இருக்கட்டும். சத்துணவில் பிள்ளைகளின் தட்டுக்கு முட்டை வருவது அந்தத் தொழிலால்தான் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் கூண்டின் அளவுகோலைத் தூக்கிவந்து கொல்லைப்புறத்தை அளப்பது என்ன நியாயம்?

கொல்லையின் கணக்கு வேறு. ஒரு கோழி ஆண்டுக்கு மூன்று முறை அடை உட்காருவதாக வைத்துக்கொள்வோம். முறைக்குப் பத்து முட்டை, எட்டு பொரிக்கும். பருந்துக்கும் கீரிக்கும் கழிச்சலுக்கும் பாதி போனாலும் நான்கு தேறும். ஆண்டுக்குப் பன்னிரண்டு உருப்படி. தீவனச் செலவு அநேகமாக இல்லை; களத்து நெல்லும் கரையானும் அடுப்படி மிச்சமும் போதும். இதில் பணமாகிற எல்லாம் அந்த வீட்டுப் பெண்ணின் சுருக்குப்பைக்குப் போகிறது. பள்ளிக்கூடச் செலவு, திடீரென்று வந்துவிட்ட விருந்து, குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட சேவல் எல்லாம் அதிலிருந்துதான். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அடையைத் தெளிவித்தால் இருபது, முப்பது முட்டை கூடக் கிடைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அடுத்த தலைமுறைக் கோழியை யாரிடம் போய் வாங்குவது?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கிரிராஜா, வனராஜா, கிராமப்பிரியா என்று கொல்லைப்புற வளர்ப்புக்கென்றே உருவாக்கப்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றை உருவாக்கிய விஞ்ஞானிகளின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவை அடைக்கு உட்காருவது அரிது என்பது ஒரு சிறப்பாகவே எடுத்துச் சொல்லப்படுகிறது. அதன் பொருள் எளியது: ஒவ்வொரு முறையும் குஞ்சு பொரிப்பகத்திலிருந்துதான் வர வேண்டும். விதைநெல்லைக் குதிரில் வைத்திருந்த விவசாயியை விதைக்கடை வாசலில் நிறுத்திய அதே கதை, கோழிக்கூடை வழியாக மறுபடியும் வீட்டுக்குள் நுழைகிறது. நெல்லுக்காகக் கூட்டம் போட்டுப் பேசினோம், எழுதினோம். கோழி பெண்களின் காரியம் என்பதாலோ என்னவோ, யாரும் வாய் திறக்கவில்லை. பெண், ஆ, கடம் என மூன்றும் வழிபட்டதால் பெண்ணாகடம் என்று பெயர் சொல்லும் ஊர் இது. பசுவும் யானையும் தலபுராணத்தில் ஏறிவிட்டன. வீட்டுக்குள் வளர்ந்த கோழிதான் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

அரசு கிராமப்புறப் பெண்களுக்கு விலையில்லாக் கோழிக்குஞ்சு வழங்கும் திட்டங்களை நடத்தியிருக்கிறது. நோக்கம் நல்லது. ஆனால் பொரிப்பகத்துக் குஞ்சு தாயில்லாத குஞ்சு. முதல் சில வாரங்கள் அதற்கு விளக்குச் சூடு வேண்டும். வானத்தில் நிழல் ஓடினால் எங்கே பதுங்குவது, எதைக் கொத்தலாம், எதைக் கொத்தக் கூடாது என்று சொல்லித்தர ஆளில்லை. குறுந்தொகையின் 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார், மாலை நேரத்தில் காட்டுப்பூனையைக் கண்டு அஞ்சி, குஞ்சுகளை ஒன்றுசேர்க்கக் கூவும் வீட்டுக்கோழியைக் காட்டுகிறார். அந்தக் குரலைத் தெரிந்துகொண்ட குஞ்சுதான் கொல்லையில் பிழைக்கும். மின்விளக்கு அப்படிக் கூவுவதில்லை.

செயற்கைப் பொரிப்பு ஒன்றும் புதிதல்லவே என்பார்கள். எகிப்தில் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் களிமண் அடுப்புக்கூடங்களில் முட்டை பொரித்திருக்கிறார்கள். அங்கத்திய பயூமி கோழி அடையில் நாட்டமில்லாதது. உண்மை. அங்கே பொரிக்கும் வித்தை ஊரிலேயே, பரம்பரை பரம்பரையாக அதைச் செய்தவர்கள் கையிலேயே இருந்தது. இங்கே கொல்லைக்காரியிடம் இருந்த வித்தை அவள் கையிலிருந்து பிடுங்கப்படுகிறது. இரண்டும் ஒன்றல்ல.

இன்னொரு மறுப்பும் வரும்: கிராமத்துக் கிழவிகளும்தானே அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கினார்கள்? முக்கினார்கள். நாங்கள் பழமையைக் கும்பிட வரவில்லை. மூக்கில் இறகைச் செருகி விடுவது கொடுமை. அது ஒழிய வேண்டும். இடிக்கு முட்டை கெட்டுவிடாமல் இருக்கக் கூடையில் இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் போடுவதை விஞ்ஞானம் என்று வாதிட மாட்டோம். ஆனால் அந்தப் பெண்கள் எல்லா அடையையும் கலைக்கவில்லை. கத்திரி வெயிலில் வைத்தால் முட்டை கெடும், ஐப்பசி அடைமழையில் பொரித்தால் குஞ்சு குளிரில் சாகும், தை மாசியில் பொரிப்பது தேறும் என்று பார்த்தார்கள். பெருத்த உடம்புக்கோழி முட்டையை மிதித்து உடைக்கும் என்று அதன் முட்டையைச் சிறுத்த கோழிக்கு மாற்றி வைத்தார்கள். ஏழெட்டு நாள் கழித்து முட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கரு ஓடாததை எடுத்துவிட்டார்கள். இரண்டு கோழி சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால், ஒன்றின் குஞ்சுகளை இரவில் மற்றதன் சிறகடியில் தள்ளிவிட்டு, முதல் கோழியை மறுபடியும் முட்டைக்குத் திருப்பினார்கள். எந்த அடையை வைப்பது, எந்த அடையைத் தெளிவிப்பது என்ற முடிவு அவர்களுடையதாக இருந்தது. நாங்கள் பார்த்த பயிற்சித்தாள் அந்த முடிவை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு விடையைத் திருப்பிக் கொடுக்கிறது.

கொல்லைக்கோழியின் உண்மையான எதிரி அடை அல்ல, கழிச்சல். ஒரு தெருவில் புகுந்தால் ஒரே வாரத்தில் கூண்டைக் காலிசெய்துவிடும் நோய் அது. தடுப்பூசி இருக்கிறது, கால்நடை பராமரிப்புத் துறை முகாம்களும் நடத்துகிறது. எங்கள் கோரிக்கை இதுதான்: குஞ்சு வாங்கும் பணத்தில் ஒரு பங்கை அந்த ஊசி கடைசித் தெருவின் கடைசிக் கூடைவரை போய்ச்சேரச் செலவிடுங்கள். அந்தந்த ஊரின் நல்ல அடைக்கோழிகளைக் கண்டறிந்து, அவற்றின் வாரிசுகளைப் பெருக்க அந்தப் பெண்களுக்கே ஊக்கத்தொகை கொடுங்கள். பயிற்சித்தாளில் அடையை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கி, ‘குஞ்சு பொரித்தல்’ என்ற தலைப்பின் கீழ் எழுதுங்கள். அடைக்கு உட்காராத கோழியை ‘நாட்டுக்கோழி’ என்ற பெயரில் விற்காதீர்கள்.

இலக்கியக்காரர்களிடமும் ஒரு சொல். கவிதையை அடைகாத்தேன், நாவலைப் பத்தாண்டு அடைகாத்தேன் என்று நேர்காணல் தோறும் சொல்கிறோம். மொழிக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தது கொல்லையில் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்த ஒரு பறவை. அது இல்லாமல் போகும்போது நாம் சும்மா இருந்தோம் என்று நாளை யாராவது எழுத நேர்ந்தால், அதற்கு மறுப்பு எழுத நம்மிடம் ஒன்றும் இருக்காது.

பயிற்சி முடிந்து எல்லோரும் கலைந்தபோது ஒரு பாட்டி அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “இதுல போட்டிருக்கிறபடி செய்வீங்களா ஆயா?” என்று கேட்டோம். “தம்பி, வீட்டுல ஒண்ணு பதினோரு முட்டைமேல உக்காந்திருக்கு. அதுக்கு அடியில போட வைக்கோல் போதல. இந்தத் தாளைக் கிழிச்சுப் போடலாம்னு பாக்குறேன்” என்றார்.