கொல்லை இல்லாத வீட்டுச் சுரைக்காய்



பொழிச்சலூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வாடகை வீடு, முதல் மாடி. "கொல்லை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே இரண்டடி சந்து. அதிலும் மோட்டாரும் செப்டிக் டேங்க் மூடியும். மொட்டை மாடியில் ஆறு பை வைத்துக்கொள்ள ஹவுஸ் ஓனர் சம்மதித்துவிட்டார். ஆறு பையில் என்னதான் விளையும்?" என்று கேட்கிறார்.

இது அவர் ஒருவரின் கேள்வி இல்லை. பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம் என்று எங்கே பார்த்தாலும் அரை கிரவுண்டு மனைதான். கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன், முன்னால் வண்டி நிறுத்த இடம் என்று கட்டி முடித்தபிறகு ஒரு வாழைக்கன்று வைக்கக்கூட இடம் மிஞ்சாது. விமானங்கள் தாழப் பறக்கிற இந்த ஊர்களில் வெயில் தடையில்லாமல் விழுகிற ஒரே இடம் மொட்டை மாடி.

அம்மா, ஆரம்பிக்க ஆறு பை தாராளம். ஆரம்பத்திலேயே முப்பது பை வாங்கியவர்கள் பலரின் மாடியில் இன்று காலிப் பைகள் காற்றில் பறந்துகொண்டிருக்கின்றன. தரையில் நிற்கிற செடி வேரை நீட்டித் தனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்ளும். பையில் நிற்கிற செடிக்கு நீங்கள் கொடுத்தால்தான் உண்டு.

அரசுக்கும் ஆறு என்ற எண்ணில் நம்பிக்கை இருக்கிறது. தமிழகத் தோட்டக்கலைத் துறை 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் 2021-22-இல் வந்த 'முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்ட'த்தில் மானிய விலையில் கொடுத்த மாடித் தோட்டத் தளையில் ஆறு பைகள், ஆறு வகைக் காய்கறி விதைகள், இரண்டு கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டிகள் ஆறு, உயிர் உரம், வேப்ப எண்ணெய் மருந்து, கையேடு எல்லாம் இருந்தன. எரு மட்டும் இல்லை. நார்க்கட்டியை ஊறவைத்து, பையில் கொட்டி, விதையைப் போட்டுவிட்டு, "செடி ஏன் வெளுத்துப்போய் நிற்கிறது?" என்று கேட்டவர்கள் நிறைய. நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்கும், எடையைக் குறைக்கும், சாப்பாடு போடாது. செம்மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். கட்டியை ஊறவைத்ததும் காபி நிறத்தில் ஒரு தண்ணீர் இறங்கும். அதைக் கொட்டிவிட்டு, இன்னும் இரண்டு முறை அலசிப் பிழிந்தால்தான் அதிலிருக்கும் உப்பு போகும்.

வெறும் மண்ணைக் கொட்டலாமே என்று தோன்றும். ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள பையில் ஈரமண்ணை நிரப்பினால் 40 கிலோவைத் தொடும். ஹவுஸ் ஓனர் கொடுத்த சம்மதம் அத்தனை கனம் தாங்குமா என்று தெரியாது. சுவரோரமாக, செங்கல் மேல் வையுங்கள். தளத்தில் ஈரம் தேங்காது. கீழ்வீட்டுக் கூரையில் கறை விழாது.

இனி தண்ணீர். தெற்குப் புறநகரில் மாடித் தோட்டத்தின் தலையெழுத்தே இதில்தான் இருக்கிறது. பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீர் கெட்ட கதை எல்லோருக்கும் தெரியும். போர் தண்ணீரில் நிறமோ வாடையோ இருந்தால் சாப்பிடுகிற செடிக்கு அதை ஊற்றவே வேண்டாம். வெறும் உப்புத் தண்ணீர் என்றால் சமாளிக்கலாம். கீரை ஓரளவு தாங்கும், பீன்ஸ் தாங்காது. பையின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அரைச் செம்பு, கால் செம்பு என்று சிக்கனமாக ஊற்றுவதால் வருகிற வினை இது: தண்ணீர் ஆவியாகிவிடுகிறது, உப்பு தங்கிவிடுகிறது. அவ்வப்போது அடித்துளையில் ஒழுகும்வரை ஊற்றுங்கள்.

பலர் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று செடிக்கு ஊற்றுகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். அரிசி களைந்த தண்ணீரும் ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் செடிக்கு ஆகும். ஐப்பசி மழை வந்தால் இன்னும் நல்லது. வருஷம் முழுக்கச் சேர்ந்த உப்பை அதுவே கழுவிவிடும். வடிகால் துளை மட்டும் அடைபடாமல் இருக்க வேண்டும். புயல் அறிவிப்பு வந்தால், கொடிக்குப் பந்தல் போட்டிருந்தால் அதை அவிழ்த்துவிட்டு, பைகளைச் சுவரோரம் நெருக்கி வையுங்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரைமீறி வந்ததைப் பொழிச்சலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எருவுக்கு எங்கே போவது? மும்பைத் துறைமுகத்தின் கேன்டீனில் 2002-இல் பொறுப்பிலிருந்த பிரீத்தி பாட்டில், அந்தச் சமையலறைக் கழிவை மொட்டை மாடிக்கு ஏற்றி மட்கவைத்து, அதிலேயே காயும் பழமும் வளர்த்தார். ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குச் சமைக்கிற கேன்டீன் அது. உங்கள் வீட்டில் விழுவது ஒரு கைப்பிடி வெங்காயத் தோலும் கீரைத்தண்டும். துளை போட்ட பழைய பெயிண்ட் வாளியில் அதையும் காய்ந்த இலையையும் மாற்றி மாற்றிப் போட்டு மூடி வையுங்கள். சாதம், குழம்பு வேண்டாம், எலி வரும்.

சரி, எதைப் போடுவது? மூன்று பையில் கீரை. முளைக்கீரையும் சிறுகீரையும் 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். விதை பொடியாக இருப்பதால் மணலோடு கலந்து தூவுங்கள். இரண்டு பையில் கத்தரி, வெண்டை. எல்லோருக்கும் தக்காளி மேல்தான் கண். சித்திரை வெயிலில் தக்காளிப்பூ உதிரத்தான் செய்யும்; மழை ஓய்ந்த மார்கழி, தையில் பாருங்கள்.

ஆறாவது இடத்தில் பைக்குப் பதில் ஒரு பெரிய தொட்டியாக வைத்துச் சுரை போடச் சொல்வேன். சுரைப்பூ சாயங்காலம் மலர்வது. அந்த நேரத்தில் மாடிக்கு வண்டு, பூச்சி வருவது அபூர்வம். வெள்ளையாக ஏராளமாய்ப் பூக்கும். பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழும். இதற்கு உரம் தேடி அலைய வேண்டாம். விளக்கு வைக்கிற நேரத்தில் மாடிக்குப் போங்கள். ஒல்லிக் காம்பில் தனியாக நிற்பது ஆண் பூ. அடியில் கட்டைவிரல் அளவுக்கு, பூனைமயிர் போர்த்த பிஞ்சோடு இருப்பது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவிலிருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். பீர்க்கைக்கும் இதே நேரம், இதே வேலை.

மார்க்கெட் செலவு குறையும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். ஆறு பை ஒரு குடும்பத்துக்குக் காணாது. வாரத்தில் ஒரு நாள் கீரை, எப்போதாவது ஒரு கத்தரிக்காய்க் கூட்டு, அவ்வளவுதான்.

மற்ற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருப் பெயர், ஊற்றுவது போர் தண்ணீரா லாரி தண்ணீரா, அதில் எது விளைந்தது, எது கருகியது என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். நாகல்கேணியில் வராதது செம்பாக்கத்தில் வரலாம். வந்ததையெல்லாம் தொகுத்து, ஆடிப்பட்டத்துக்கு முந்தைய இதழில் ஊர்வாரியாகப் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்