விமானம் ஓட்ட எதற்குத் தண்ணீர்க் குழாய்?

கல்லடி, நாவற்குடா, காத்தான்குடிப் பக்கத்துப் பெற்றோருக்காக இதை எழுதுகின்றோம். கொஞ்சம் கோபத்தோடுதான்.

பிள்ளை ஃபிளைட் சிமுலேட்டர் ஓட்ட ஆசைப்படுகின்றான். நல்ல ஆசை. 'அது கேம்தானே' என்று அடக்குகின்றவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. 1929இல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் செய்த பயிற்சிப் பெட்டிக்குள் இருந்துதான், இரண்டாம் உலகப் போரின் ஏராளமான விமானிகள் கண்ணை நம்பாமல் கருவியைப் பார்த்து ஓட்டப் பழகினார்கள். ஓர்கன் வாத்தியம் செய்கின்ற வீட்டுப் பிள்ளை அவர். வாத்தியத்தின் காற்றுத் துருத்திகளை வைத்தே பெட்டியைச் சாய்த்தார், திருப்பினார். தண்ணீர் தேவைப்படவில்லை!

எங்கள் சண்டை வேறு. அந்த ஆசையைக் காட்டி, கத்தார் வெயிலில் வேகின்ற வாப்பாவிடம் 'கஸ்டம் வோட்டர் கூலிங்' கேட்க வைக்கின்றார்களே, அதோடுதான் சண்டை. கண்ணாடிப் பெட்டி, நீல வெளிச்சம், உள்ளே ஓடும் கலர்த் தண்ணீர். யூடியூப்பில் பார்க்க வடிவுதான்.

தண்ணீர் சூட்டை அழிக்காது, இடம் மாற்றும். புரோசசரில் இருந்து ரேடியேட்டருக்கு, அங்கிருந்து அறைக் காற்றுக்கு. அறை 33 பாகை என்றால் குழாய்த் தண்ணீர் ஒருநாளும் 33க்குக் கீழே இறங்காது. குளிர்நாட்டில் இருந்து வீடியோ போடுகின்றவருடைய அறையும் ஆடி மாதத்துக் கல்லடி அறையும் ஒன்றா? சத்தம் குறையும், சில பாகை குறையும், மறுக்கவில்லை. ஆனால் 600 வாட் இழுக்கின்ற மெசின் எப்படிக் குளிர்ந்தாலும் அந்த 600 வாட்டும் பிள்ளை இருக்கின்ற அறைக்குள்தான் இறங்கும். நாளுக்கு 5 மணித்தியாலம் ஓடினால் மாதம் 90 யுனிட். கரண்ட் பில் படிப்படியாய் ஏறுகின்ற விதம் உங்களுக்குத் தெரியும்.

இனி உப்பு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. யன்னல் கம்பி கறள் பிடிக்கின்ற ஊரில் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் மட்டும் தப்புமா? ஒரு மூட்டு கசிந்தால் கிராபிக்ஸ் கார்ட் போச்சு. இதைப் பிரித்துக் கழுவித் தண்ணீர் மாற்ற இங்கே பழகிய கை எத்தனை?

இத்தனைக்கும் சிமுலேட்டர் கேட்பது வேறு. ரைசன் 7 7800எக்ஸ்3டி புரோசசரை விமானம் ஓட்டுகின்றவர்கள் தேடி வாங்குவது அதிலுள்ள 96 எம்பி கேஷ் நினைவகத்துக்காக. அதன் சூட்டுக் கணக்கு 120 வாட்தான், நல்ல ஃபேன் ஒன்று தாங்கும். மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024க்கு 32 ஜிபி ரேமும் 50 எம்பிபிஎஸ் இணைப்பும் வேண்டும் என்கின்றார்கள். நிலக் காட்சியெல்லாம் இணையத்தில் இருந்துதானே இறங்குகின்றது. டேட்டா முடிந்த வீட்டில் குழாயில் என்ன ஓடினாலும் ஓடுபாதை தெளியாது.

மிச்சக் காசுக்கு ஜோய்ஸ்டிக்கும் கால் பெடலும் யுபிஎஸ்ஸும் வாங்குங்கள். ஃபிளைட்கியர் இலவசம், சாதாரண மெசினிலும் ஓடும். மட்டக்களப்பு விமான நிலையத்தின் குறியீடு விசிசிபி. 2018இல் சிவில் சேவைக்குத் திறந்த அந்த ஓடுபாதையில் பிள்ளை முதலில் ஒழுங்காய் இறக்கட்டும். வீட்டு மெசினில் ஓட்டிய மணித்தியாலம் லைசன்ஸுக்குச் சேராது என்பதையும் இப்போதே சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. இந்த மெசின் கேட்டு எங்களிடம் சிபாரிசுக்கு வருவது எல்லாம் மகன்மாருக்குத்தான். வகுப்பில் காற்றழுத்தம், உயர்த்துவிசை என்று கேள்வி கேட்டுக் குடைவது மகள்மார். ஒரு வோட்டர் கூலிங் காசில் பாடசாலைக்கோ வாசிகசாலைக்கோ பொதுவாய் ஒரு காற்று மெசின் வைத்தால், அவர்களும் வந்து இருப்பார்கள். இடம் தருவோர் இருந்தால், மாலை நேரம் நின்று பார்த்துக்கொள்ள நாங்கள் தயார்.

ஏற்கெனவே சாமான் வாங்கிவிட்டீர்களா? பூட்டமுன் ரேடியேட்டர் அலுமினியமா என்று கேளுங்கள். செம்பு பிளொக்கோடு அதைச் சேர்த்தால் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். அலுமினியம் என்றால் பெட்டியை உடைக்காமல் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.