‘வரும்’ வேறு, ‘வருமாம்’ வேறு

இறக்கக்கண்டியில் தோணி தள்ளுவோரிடம் காற்றைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தாமே வானத்தைக் கண்டறிந்ததாயின் ‘காற்றுத் திரும்பும்’ என்பர். வானொலியிற் கேட்டதாயின் ‘திரும்புமாம்’ என்பர். ஐயமாயின் ‘திரும்பும் போலக் கிடக்கு’ என்பர். ஓர் ஈறு பிசகினால் உயிர் போகும் தொழில் அது.

இந்த நாணயம், கணினிக்குள் இன்று உத்தியோகம் ஏற்றிருக்கும் செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கு உண்டா? விடை கூறுவதோடு நில்லாது, ஒன்றுக்கொன்று செய்தி கொடுத்துக் காரியத்தையும் முடிப்பவை இவை.

2023இல் நியூயோர்க்கில், அவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் மன்றில் முன்வைத்தனர். ‘இவை மெய்யானவையா?’ என்று அதனிடமே கேட்டதற்கு ‘மெய்யே’ என்றது! வழக்கறிஞர் இருவருக்கும் அவர்தம் நிறுவனத்துக்கும் கூட்டாக 5,000 டொலர் தண்டம். இயந்திரத்துக்கோ ஒரு சதமும் இல்லை.

காரணம் மர்மமன்று. தெரியாது என்பதற்குப் புள்ளி இல்லை, குருட்டூகம் பலித்தாற் புள்ளி உண்டு என்ற முறையில் இவற்றைச் சோதிப்பதே காரணம் என்று ஓப்பன்ஏஐ ஆய்வாளரே 2025இல் எழுதினர்.

குச்சவெளி விவசாயி ஒருவர் பயிர்க்கடன் கேட்கிறார் என்று வையுங்கள். முதல் முகவர் ‘வெள்ளம் வரக்கூடும்’ என்கிறது. அதைச் சுருக்கும் இரண்டாவது முகவர் ‘வெள்ளம் வரும்’ என்று எழுதுகிறது. மூன்றாவது, கடனை மறுக்கிறது. அந்தக் ‘கூடும்’ எந்த இடத்தில் களவுபோயிற்று? கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய யார் இருக்கிறார்?

கண்டதைக் கண்டவரே சொல்லவேண்டும், கேட்டதைக் கேட்டவரே சொல்லவேண்டும், அபிப்பிராயமாயின் அதனைக் கொண்டவரே ஆதாரத்தோடு சொல்லவேண்டும் என்பது 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டந்தான். எனினும் இவ்விடயத்தில் எம் கடற்றொழிலாளரின் இலக்கணமும் அதுவே.

ஐயத்தைச் சொன்னால் மக்கள் குழம்புவர் என்பர் சில கனவான்கள். ‘மழை பெய்யக்கூடும்’ என்ற வானிலை அறிக்கையைக் கேட்டு எந்த விவசாயி குழம்பினான்? ‘பிழைகள் இருக்கலாம்’ என்று திரையின் அடியிற் பொடியெழுத்தில் ஒட்டிவைப்பதையும் நாம் ஏற்கோம். எல்லாக் கூற்றுக்கும் ஒரே எச்சரிக்கை எனின், எதற்கும் எச்சரிக்கை இல்லை.

ஒவ்வொரு கூற்றும் எங்கிருந்து வந்தது, எவ்வளவு உறுதி என்ற குறிப்பு, கைமாறுந்தோறும் அழியாது கடைசித் தாள்வரை வரவேண்டும். அத்தாள் தமிழில் இருக்கவேண்டும். பொறுப்பாளரான ஒரு மனிதரின் ஒப்பம் அதில் வேண்டும். அதுவரை, முகவர் சொல்லிற்று என்ற ஒரே நியாயத்தால் வங்கியோ அரச அலுவலகமோ ஓர் ஏழையின் விண்ணப்பத்தைத் தள்ளுவதற்கு நாம் இணங்கோம்.