கணக்கு உதைக்கிறதே!

போன வாரம் தாம்பரம் மின்சார ரயிலில் காதில் விழுந்தது. பேப்பரில் யுத்தச் செய்தி படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், பக்கத்து சீட்காரரிடம் சொன்னார்: "நாலு ஊரைத் தரைமட்டம் பண்ணினா, அஞ்சாவது ஊர்க்காரன் தானா கையைத் தூக்கிட்டு வந்துடுவான் சார்!"

சார் தலையாட்டினார். எனக்குத்தான் ஆடவில்லை.

பெரியவருடைய யோசனை புதுசு இல்லை. 1921-லேயே கியூலியோ டூஹே என்ற இத்தாலிய ராணுவ அதிகாரி இதற்காகப் புத்தகமே போட்டுவிட்டார். எல்லையில் சிப்பாயோடு எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்? நேராக ஊருக்குள் குண்டு போடு. ஜனங்கள் மிரண்டுபோய்த் தங்கள் அரசாங்கத்தின் சட்டையைப் பிடித்து, 'சண்டையை நிறுத்து' என்பார்கள். அவ்வளவுதான் சித்தாந்தம்.

தர்மம், நியாயம் என்று ஆரம்பித்தால், 'ராணுவத்தைப் பற்றி உனக்கென்ன தெரியும்' என்பார்கள். வாஸ்தவம். நான் படித்தது பி.காம். எனவே வரவு செலவை மட்டும் பார்க்கிறேன்.

1940 செப்டம்பர் முதல் 1941 மே வரை பிரிட்டிஷ் நகரங்கள் மீது ஹிட்லர் குண்டு மழை பொழிந்தார். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண ஜனங்கள் செத்தார்கள். லண்டன்காரன் சர்ச்சிலின் சட்டையைப் பிடித்தானா? இல்லை. தன் ஜனம் மசியவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த அதே பிரிட்டன், ஜெர்மானியன் மட்டும் மசிந்துவிடுவான் என்று நம்பியதுதான் கூத்து. 1943 ஜூலையில் ஹாம்பர்க் கொளுத்தப்பட்டது. முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பலி.

சண்டை முடிந்ததும் அமெரிக்காவே ஒரு ஆடிட் வைத்தது. அதில் பொருளாதாரப் பிரிவுக்குத் தலைமை, ஜான் கென்னத் கால்பிரெய்த். நேரு காலத்தில் டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்தாரே, அவரேதான். கணக்குப் புத்தகத்தைப் பிரித்தால் தலைசுற்றல். குண்டு விழ விழ ஜெர்மனியின் ஆயுத உற்பத்தி ஏறியிருக்கிறது! 1944 நடுவில், 1942 தொடக்கத்தைப்போல மூன்று மடங்கு. ஐந்தே மாதத்தில் ஹாம்பர்க் தன் பழைய உற்பத்தித் திறனில் எண்பது சதவிகிதத்தை எட்டிவிட்டது. எப்படி? ஊர் எரிந்ததில் ஓட்டல் சர்வருக்கும் பேங்க் குமாஸ்தாவுக்கும் வேலை போச்சு. ரேஷன் கார்டு வேண்டுமே, ஆயுதத் தொழிற்சாலைக்குப் போனார்கள் என்று எழுதுகிறார் கால்பிரெய்த். ஹிட்லருக்கு ஆள் பிடித்துக் கொடுத்த புண்ணியம் குண்டு போட்டவர்களுக்கு.

நியாயமாகச் சொல்வதென்றால், 1944 மே மாதத்திலிருந்து எண்ணெய் ஆலைகளைக் குறிவைத்து அடித்தார்களே, அது வேலை செய்தது. பெட்ரோல் இல்லாமல் ஜெர்மன் விமானப்படை முடங்கியது. ஆனால், அது பெட்ரோலை அடித்தது. ஜனங்களின் தைரியத்தை அல்ல.

'ஜப்பான் சரணடையவில்லையா?' என்பீர்கள். 1945 மார்ச்சில் ஒரே ராத்திரியில் டோக்கியோவில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் வெந்து செத்தார்கள். தொடர்ந்து அறுபதுக்கும் மேற்பட்ட நகரங்கள். அதற்கும் ஜப்பான் ஜனம் கிளர்ந்து எழவில்லை. ஆகஸ்டில் அணுகுண்டு, கூடவே சோவியத் படையெடுப்பு இரண்டும் வந்த பிறகுதான் சக்கரவர்த்தி இறங்கி வந்தார்.

அந்த டோக்கியோ விமானங்களின் செயல்திறனைக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்களில் ஒருவர், ஹார்வர்டில் அக்கவுன்ட்டிங் சொல்லிக்கொடுத்த ராபர்ட் மெக்னமாரா. நம்ம ஜாதி! 2003-ல் வந்த ஆவணப்படத்தில் அவரே ஒப்புக்கொண்டார்: தோற்றிருந்தால் நாங்கள் போர்க் குற்றவாளிகளாகக் கூண்டில் நின்றிருப்போம் என்று தன் மேலதிகாரி கர்டிஸ் லெமே சொன்னதாகவும், அது சரிதான் என்றும்.

இதே மெக்னமாரா பாதுகாப்பு அமைச்சராக வந்து, 1965-ல் வியட்நாமிலும் அதே கடையை விரித்தார். அங்கே சி.ஐ.ஏ. கணக்கெழுதியது. எதிரிக்கு ஒரு டாலர் நஷ்டம் உண்டாக்க, அமெரிக்காவுக்கு 1965-ல் ஆன செலவு 6.60 டாலர். 1966-ல் 9.60. எந்த மளிகைக் கடைக்காரராவது இந்த வியாபாரத்தை இரண்டாவது வருஷம் நடத்துவாரா?

பக்கத்து லாவோஸின் மீதும் 1973 வரை இருபது லட்சம் டன்னுக்கு மேல் கொட்டினார்கள். வெடிக்காமல் மண்ணுக்குள் போனவை கோடிக்கணக்கில். குண்டு போட்டபோது பிறந்தே இராத பிள்ளைகள் பந்து என்று நினைத்து அதை எடுத்து, கை போய், கண் போய்... இந்தச் செலவை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

1967 ஆகஸ்டில், குண்டு போட்டு ஹனோயைப் பணியவைக்க முடியாது என்று செனட் கமிட்டி முன்னால் மெக்னமாராவே சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் அவரை உலக வங்கிக்குத் தலைவராக்கி அனுப்பிவைத்தார்கள்.

1972-லும் ஹனோய் மீது குண்டு விழுந்துகொண்டுதான் இருந்தது.